ஐஸ் பெட்டிக்குப் பெரட்டு

ஐஸ் பெட்டிக்குப் பெரட்டு எடுக்கும் மனிதர் பேராக் மாநிலத்தில் ஒருவர்தான் இருக்கிறார். உலகத்திலேயே ஒருவர்தான் என்று சத்தியம் செய்யவும் நான் தயார்.

ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில், நோயாளிகள் ஆய்வுக்குக் கொடுத்த ரத்தம் சின்னக் குழாய்களில், பெரிய ஐஸ் பெட்டிகளுக்குள் உறைந்து கிடக்கிறது. அந்தப் பெட்டிகளுக்கு அவர்தான் காவல். சொந்தப் பெயர் ஏதோ இருக்கும். எல்லாருக்கும் அவர் பெரட்டு அண்ணன்.

லகாட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். நேரத்துக்கு வந்தவருக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். பிந்தி வந்தால் அரைப்பேர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பெரட்டு மட்டும் அண்ணனோடு ஈப்போவுக்கு வந்துவிட்டது. தினமும் காலையில் பெட்டி முன்னால் நின்று, கதவைத் திறக்காமல், குளிர் அளவை மட்டும் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார். பதில் வராது. திருப்தியாகத் தலையாட்டிக்கொள்வார்.

குழாய்களைத் தாமதமாகக் கொண்டு வரும் இளம் டாக்டர்களிடம் அன்றைக்கு அரைப்பேர்தான் என்பார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுகிறவர்களிடம், "யோசிச்சிட்டு தொறங்க. தொறந்துட்டு யோசிக்காதீங்கலா" என்பார். மீனவர் ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து திரும்பிய டாக்டர் ஒருவர் ஊர் இறாலைப் பையோடு உள்ளே வைத்துவிட்டார். அண்ணன் சத்தம் போடவில்லை. பையை டாக்டரின் மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு சம்மதப் பத்திரம். "இறால்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க டாக்டர். அப்பறம் வெக்கலாம்."

சில வருடங்களுக்கு முன் நான் அங்கே போக நேர்ந்தது என் மகளால். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விடவே இல்லை. முட்டிகள் வீங்கின. என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இவளைப் போல் இன்னொரு பிள்ளை எங்கேயாவது இருந்தால் கண்டுபிடிக்கலாம், அதற்கு இவளுடைய ரத்தத்தையும் விவரங்களையும் வெளிநாட்டு மருத்துவமனைகளோடு பகிர வேண்டும் என்றார் டாக்டர்.

கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் பத்திரம் மலாயில் இருந்தது. 'பெர்கொங்சியான்' என்று ஒரு சொல். பகிர்வு என்று எனக்குத் தெரியும், படித்தவள்தான். ஆனால் அன்று என் தலைக்குள் அதன் நடுவிலிருந்த 'கொங்சி' மட்டும்தான் நின்றது. எங்கள் வீட்டில் கொங்சி என்றால் ஒரு ரொட்டி சானாயை நாலு பேர் பிய்த்துத் தின்பது. என் பிள்ளையையா? பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து, அண்ணனின் அறை வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் வந்து விசாரித்தார். சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"ரத்தம் குறையும் தங்கச்சி. பொய் சொல்ல மாட்டேன். எடுக்க எடுக்க தீந்துரும். அதுல கண்டுபிடிச்சது குறையாது. நாலு ஊருக்கு கொங்சி பண்ணாலும் இங்கயும் முழுசா இருக்கும்."

"அவ பேரு?"

"பேரு போகாது, நம்பர்தான். எந்த நம்பர் யாருன்னு டாக்டர் பூட்டி வெச்சிருக்காரு. எனக்கே தெரியாது."

"அப்ப என் மகள எப்படிண்ணே பாத்துக்குவீங்க?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "எதுன்னு தெரியாதுல்ல? அப்ப எல்லாத்தையும்தான பாத்துக்கணும்."

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் வந்து சொல்லலாம், மிச்சமிருப்பதை எடுத்துவிடுவார்கள், அனுப்பியதைத் திருப்பி வாங்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மகளைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போயிருந்த ஒரு மழை மத்தியானம் கரண்டு போனது. ஜெனரேட்டரும் முரண்டு பிடித்தது. திறந்து பார்க்கலாமா என்று கேட்ட பெரிய டாக்டரையே விடாமல், கதவில் முதுகைச் சாய்த்துக் கைகளை விரித்து நின்றார் அண்ணன். உள்ளே குளிர் இருக்கிறதாம், பார்க்கப் போனால்தான் ஓடிவிடுமாம். கரண்டு வரும்வரை நானும் பக்கத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. கடல் கடந்து எங்கேயோ ஒரு பையனுக்கும் அதே நோயாம். அவனைக் குணமாக்கிய மருந்து இவளுக்கும் கேட்டது. இன்றும் அவள் தும்மினால் நான் தெர்மாமீட்டரைத் தேடுகிறேன், அது வேறு கதை.

போன மாதம் மறுபரிசோதனைக்குக் காலையிலேயே போனோம். அவள் இப்போது கல்லூரி மாணவி. அறைக் கதவு திறந்திருந்தது. பெரட்டு அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பெட்டி முன்னால் நின்றிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்துட்டேன் மாமா" என்றாள் என் மகள்.

அவர் பெட்டிமேல் கையை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"லேட்டு" என்றார். பிறகு, "பரவால்ல. முழுப்பேர் போட்டுக்கறேன்லா."