குழாய்க்கு வாய்க்கட்டு

திருமயம் பக்கம் முனியாயி வீட்டுக் குளியலறை பேசுகிறதாம். வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. ஆவுடையார்கோவிலிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பொன்னமராவதியிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்தார்கள். ஒரு குளியலறை வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு பக்தியோடு கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

பேச்சு இவ்வளவுதான். மாடிக் கழிவறையில் வாளித் தண்ணீர் ஊற்றினால், கீழே குளியலறைத் தரை ஓட்டை ‘களக் களக்’ என்னும். பின்னாலேயே நாற்றம் எழும். குடியிருக்க இடம் பார்ப்பதில் ஆவிக்கு அவ்வளவுதான் விவரம் போலிருக்கிறது.

அந்தக் ‘களக்’குக்கு அர்த்தம் சொல்ல வந்தவர் செம்மல் சாமி. டைல்ஸ் கடை நொடித்த பிறகு ஞானம் பெற்றவர். குளியலறை வாஸ்துவில் புலி.

“மருமக வந்த பொறகுதானே சத்தம்?” என்று கேட்டார்.

“ஆமாங்க சாமி,” என்றாள் முனியாயி.

மருமகள் வந்த அதே மாதம்தான் குளியலறையை இடித்துக் கட்டி, மாடியில் புதுக் கழிவறையும் வைத்தார்கள். அது யாருக்கும் நினைவு வரவில்லை. டைல்ஸைத் திட்டினால் டைல்ஸ் அழாதே.

“அவ கூடவே ஒரு கன்னி ஆவி வந்திருக்கு. ஒரு வருசம் அவ ஆத்தா வீட்ல கெடக்கட்டும்,” என்றார் சாமி.

மருமகள் சுடர்விழியின் கணவன் சிங்கப்பூரில். பேய் பிடித்தவள் என்று ஒருமுறை வெளியேற்றப்பட்டால் திரும்பக் கூப்பிட ஆளிருக்காது என்று அவளுக்குத் தெரியும். மதிய பஸ்ஸுக்குப் பை தயாராக இருந்தது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பார்த்தவர்களுக்குத்தான் அப்படித் தோன்றவில்லை.

சாமிக்குச் சக்தி இல்லாமலில்லை. ஒரு செம்புத் தண்ணீரை மந்திரித்து ஓட்டையில் ஊற்றுவார். நாற்றம் நின்றுவிடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மறுநாள் மறுபடி நாறும், மறுபடி சாமி வருவார்.

அன்று பிளம்பர் ஆரோக்கியதாஸ் வந்தார். தான் போட்ட குழாய்க்குப் பேய் பிடித்துவிட்டதென்று ஊர் பேசினால் யார் சும்மா இருப்பார்? நேராக மொட்டை மாடிக்குப் போனவர், இறங்கி வந்து கேட்டார்.

“காத்துக் குழாய் வாயில தேங்காயச் சொருகினது யாரு?”

“சாமிதான்,” என்றாள் முனியாயி. “சாக்கடைக் குழாய் பூஜை ரூமுக்கு மேல வாயத் தொறந்துக்கிட்டு நிக்கக் கூடாதாம். இடிச்சுக் கட்டிப் பால் காய்ச்சுன அன்னைக்கு வாஸ்து பாக்க வந்தப்பவே செவப்புத் துணி சுத்தி வாய்க்கட்டு போட்டுட்டாங்க.”

“தரை ஓட்டைக்குக் கீழ ஒரு வளைவு இருக்குங்க. அதுல நிக்கிற தண்ணிதான் நாத்தத்தத் தடுக்கிற கதவு. மாடித் தண்ணி எறங்கையில குழாய்க்குக் காத்து வேணும். மேல அடச்சுட்டா, கீழ நிக்கிற தண்ணிய உறிஞ்சி இழுத்துரும். அந்தச் சத்தந்தான் இது.”

“சாமியவிட ஒனக்குத் தெரியுமா?” என்றது கூட்டம். குழாயைப் பற்றி, பிளம்பரிடம்.

சுடர்விழி பையைக் கீழே வைத்தாள்.

“சாமி வாசல்லயே உக்காரட்டும். தாஸண்ணே மேல தேங்காய வைக்கட்டும், இல்ல எடுக்கட்டும். எதுன்னு இங்கிட்டுச் சொல்ல வேணாம். கன்னி உள்ள இருக்கா, போயிருச்சான்னு சாமி சொல்லணும். அதுக்கப்பறம் மாடியில தண்ணி ஊத்துவோம். அயித்தே, நீங்களே ஓட்டைகிட்ட நின்னு கேளுங்க.”

சாமி கண்ணை மூடினார். “போயிட்டா.” தண்ணீர் இறங்கியது. ‘களக் களக்.’

முனியாயி ஒரு மக் குழாய்த் தண்ணீரை ஓட்டையில் ஊற்றி வளைவை நிரப்பினாள். அடுத்த சுற்று. “வந்துட்டா, உக்கிரமா இருக்கா.” தண்ணீர் இறங்கியது. தரை வாயே திறக்கவில்லை.

ஐந்து சுற்றில் சாமி சொன்னதில் மூன்று தப்பு. கண்ணை மூடிக் காசு சுண்டியிருந்தாலும் அவ்வளவு தேறும். தாஸ் இறங்கி வந்து சொன்ன கணக்குப்படி, தேங்காய் இருந்தபோதெல்லாம் சத்தம் வந்தது, எடுத்தபோதெல்லாம் வரவில்லை.

“ஏங்க சாமி,” என்று மக்கோடு வெளியே வந்தாள் முனியாயி. “நான் ஊத்துனது வெறும் தண்ணி. இதுக்கும் நாத்தம் நிக்குதே?”

“ஆவி கொழம்பிப் போச்சு,” என்ற சாமி, செருப்பைக்கூடத் தேடாமல் பைக்கை உதைத்தார்.

கூட்டத்துக்குப் புத்தி வந்ததா என்கிறீர்களா? ஒரு அம்மாள் பிளம்பர் காலில் விழப் போனாள். “ஒங்களுக்கு ராசியான கை தம்பி. எங்க வீட்டுக் கெணத்தையும் வந்து தொட்டுட்டுப் போங்க.”

“சரி, பைய உள்ள வையி,” என்றாள் முனியாயி, மருமகளின் முகத்தைப் பார்க்காமல்.

“வைக்கிறேன் அயித்தே. நாளைக்குக் கரண்டு போனா, மொதல்ல ஃபியூஸப் பாருங்க. அதுவும் சரியா இருந்தா அடுத்த வீட்ல கரண்டு இருக்கான்னு பாருங்க. எல்லாம் பாத்து முடிச்ச பொறகு, வேற வேலையே இல்லைன்னா, என்னயச் சந்தேகப்படுங்க.”