கவசக்காரர் வண்டிக்குள் போன கை

பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊரையும் சேர்த்துத் தேடினாலும், ஒரு பல்புக்காகப் பெருமாளை இத்தனை தொந்தரவு செய்த மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூரில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அவருக்குப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் கவசக்காரர் என்று சொன்னால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும்.

உர ஏஜென்ட் வேலை. காலையில் பெரிய மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் அரியலூர், செந்துறை, ஆலத்தியூர் என்று சுற்றிவிட்டு விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். வழியெல்லாம் சிமெண்டு லாரிப் புழுதி, போதாததற்குப் பூச்சி. “ராச் சாப்பாடு ரோட்டுலயே முடிஞ்சிடுது மாப்ளே” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார்.

இதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அரியலூரில் ட்ரங்குப் பெட்டி செய்பவரைப் பிடித்து, வண்டியின் முன்பக்கம் முழுவதையும் மூடும்படி தகரத்தில் ஒரு கூடு செய்யச் சொன்னார். ஆகாய விமானத்தின் மூக்கு மாதிரி வந்தது. ஹெட்லைட் உள்ளே, அதற்கு முன்னால் கண்ணாடி. தகரத்தின் மேல் நாமம், சங்கு, சக்கரம் எழுதி, கல்லங்குறிச்சிக்கு ஓட்டிக்கொண்டுபோய் பெருமாள் சந்நிதி வாசலில் பூஜையும் போட்டார். சாமிக்குச் சாத்துகிற வெள்ளிக் கவசத்தை நினைத்து எங்கள் தெரு அதற்குக் கவசம் என்று பெயர் வைத்தது.

அந்தப் பூஜையில்தான் வினை. கற்பூரம் காட்டி முடித்த நேரம், அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, “ட்ரங்குப் பொட்டிக்குச் சக்கரம் வச்சாப்புல இருக்கு” என்றார். பட்டாச்சாரியாரே சிரித்துவிட்டார். அன்றோடு கவசக்காரர் அக்காவிடம் பேச்சை நிறுத்தினார். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை, அவரும் நிறுத்தினார். பிறகு அந்த வீட்டின் போக்குவரத்து முழுவதும் என் வழியாகத்தான். என் சூடம் சாம்பிராணிக் கடையைப் பூட்டிவிட்டு நான் வந்தால் போதும். “கொழம்புல உப்பு கம்மின்னு சொல்லு மாப்ளே” என்பார். அக்கா இரண்டு முழம் தள்ளித்தான் நிற்பார். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கையில் ஹெட்லைட் பல்பு பீஸ் போய்விட்டது.

பெட்டிக்காரருக்குப் பெட்டி செய்துதான் பழக்கம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று சத்தியம் செய்து, சுற்றிலும் நெருக்கமாக ரிவிட் அடித்திருந்தார். கையும் போகாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே ஒயருக்காக விட்ட ஓட்டை ஒன்றுதான் வழி. நாலு ரிவிட்டை வெட்டினால் வேலை முடிந்தது என்றார் மெக்கானிக். கவசக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

“நாமம் போட்ட தகரத்துல உளி வைக்கிறதா? அப்பறம் மூலவரையும் கழட்டி சர்வீஸ் பண்ணுவியா?”

அவர் கையோ முற்றிய பலாக்காய். இரண்டு விரல் உள்ளே போகும், உள்ளங்கை வாசலிலேயே நின்றுவிடும். அடுப்படி இடுக்கியை விட்டுப் பார்த்தார். இடுக்கி உள்ளே விழுந்துவிட்டது. பிறகு ஹாரனே தேவைப்படவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கடகடவென்று கேட்கும். இடுக்கியைக் காணோம் என்று அக்கா என் மூலமாகப் புகார் கொடுத்தார்.

கடைசியில் வளையல்காரரைக் கூப்பிட்டார். எந்தக் கையையும் எந்த வளையத்துக்குள்ளும் சோப்பு போட்டு நுழைத்துவிடுகிற மனிதர் அவர். கவசக்காரரின் கையைப் பிசைந்து பார்த்துவிட்டு, “இதுக்கு மாட்டு வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாதாங்க போடணும்” என்றார். கூடவே ஒன்று சொன்னார்: “தெருவுலயே சின்னக் கை உங்க வூட்டம்மா கைதாங்க. நாந்தானே வளையல் போட்டுவுடுறேன்.”

கவசக்காரர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். “வேணுங்கிறவங்க வாயைத் தொறந்து கேக்கட்டும் தம்பி” என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

கவசக்காரர் கேட்கவில்லை. ஹேண்டில்பாரில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்காலில் ரத்தம், சட்டையெல்லாம் மண். செந்துறை ரோட்டில் குவித்திருந்த ஜல்லி டார்ச் வெளிச்சத்தில் தெரியவில்லையாம். கவசத்தில் ஒரு கீறல் இல்லை, எல்லாம் பெருமாள் செயல் என்றார்.

அக்கா முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வளையல்களைக் கழற்றி வண்டி சீட்டில் வைத்தார். விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு ஓட்டைக்குள் கையை விட்டார். முதலில் வெளியே வந்தது இடுக்கி.

“ஹோல்டரை அழுத்தி எடது பக்கம் திருப்பச் சொல்லு மாப்ளே.”

நான் சொன்னேன். பழைய பல்பு வந்தது, புதியது போனது. அது எரிந்ததும் தெருவே கைதட்டியது. ஆனால் அக்காவின் கை திரும்பி வரவில்லை. இழுக்க இழுக்க வீங்கியது.

கவசக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. “வலிக்குதா?” என்றார். என்னிடம் இல்லை, நேராக. அக்கா கையை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். கவசக்காரர் வீட்டுக்குள் ஓடினார். சுத்தியலும் உளியுமாக வந்தவர், நாமத்தின் மேல் உளியை வைத்து, “பெருமாளே, நீதான் பொறுத்துக்கணும்” என்று கையை ஓங்கினார்.

“சாமி மேல அடிக்காதீங்க,” என்றார் அக்கா. “இதோ, வந்துடுச்சு.”

வந்துவிட்டது. அன்று இரவு குழம்பில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குச் சேதி வரவில்லை.

அதன் பிறகு பார்த்தால், வாரம் தவறாமல் அந்த வண்டிக்குப் பல்பு போக ஆரம்பித்தது. அக்கா வளையல் கழற்றுவதும், இவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நிற்பதும் வெள்ளிக்கிழமை பூஜை மாதிரி ஆகிவிட்டது. என்ன ராசியோ என்று நான் அங்கலாய்த்தபோது, அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பல்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்க மாமாதான் டேங்குக்கு அடியில ஒயரைப் புடுங்கி வுட்டுர்றாரு. நான் அதைச் சொருவிட்டு, சும்மா கையை வுட்டு எடுக்கிறேன். மாமாகிட்ட சொல்லிடாதீங்க.”

எத்தனையோ சேதி சுமந்திருக்கிறேன். பெருமாள் சாட்சியாக, இந்த ஒன்றை மட்டும் நான் கொண்டுபோய்ச் சேர்க்கவே இல்லை.