காற்றுக்கும் ஓர் எண்

துவைத்து அடுக்கியிருந்த சீருடைகள் அறுபது சோடி. திரையில் ஆட்கள் அறுபத்து மூன்று பேர். ஈரக்கை மறுபடியும் விரலை வைத்து எண்ணினான். துணியும் கூடவில்லை, ஆளும் குறையவில்லை.

ஈரக்கை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. இருபத்திரண்டு வருடமாகச் சலவைக்கூடத்துத் தொட்டியிலிருந்து நனைந்த துணியை வாரி வாரித் தூக்கியவன். காய்ந்த கையோடு அவனை யாரும் பார்த்ததில்லை. இப்போது இடுப்பு குனிந்தால் நிமிர மாட்டேன் என்கிறது. போன வாரம் பட்டியல்காரர் வேலையை விட்டுப் போனதும், நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படித்த தைரியத்தில் அந்த நாற்காலியைக் கேட்டுவிட்டான்.

"உக்காந்து பாரு," என்றார் முதலாளி. "இந்த வார மூட்டை போகட்டும். ஆலையிலேர்ந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் திரும்பத் தொட்டிதான்."

வேலை இவ்வளவுதான். ஆலைக்காரர்களின் சீருடை ஒவ்வொன்றிலும் காலருக்குள் ஓர் எண் தைத்திருக்கும். கணினியில் பெயர்கள் மட்டும், வரிக்கு ஒன்றாக. வரிகளுக்கு எண் போட்டு அச்செடுத்து, எண்ணுக்குரிய பெயர்ச்சீட்டைத் துணியில் குத்த வேண்டும். எண் போடக் கறுப்புத் திரையில் என், எல் என்று இரண்டெழுத்து, பக்கத்தில் கோப்பின் பெயர், தட்டினால் போதும். நடுவில் ஒரு கோடு கிழித்து பி, ஏ என்றும் தட்டலாம், தட்டாமலும் விடலாம் என்று பட்டியல்காரர் துண்டுத்தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். சும்மா கிடைக்கிற பட்டத்தை எவன் விடுவான்? ஈரக்கை பி, ஏ போட்டான். வந்ததை 'புதுசு' என்று ஒரு கோப்பில் சேமித்து, ஓர் அச்சும் எடுத்தான்.

அவன் மனைவி அதே கூடத்தில் இஸ்திரி மேசைக்காரி. பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பதினாறுக்கு எதிர ஆளே இல்லையே."

"இருப்பான், நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். பிரிவுக்குப் பிரிவு ஒரு வரி இடம் விட்டிருக்காரு அந்த மனுசன். நீங்க அந்தக் காத்துக்கும் நம்பர் குடுத்து வேலைக்குச் சேத்துட்டீங்க."

பி, ஏ இல்லாமல் தட்டினால் வெற்று வரியை விட்டுவிடும் என்று துண்டுத்தாள் சொன்னது. தட்டினான். ஆனால் கைப்பிசகாகப் 'புதுசு' மேலேயே தட்டிவிட்டான். ஏற்கெனவே எண் வாங்கியவர்கள் எல்லாரும் இன்னோர் எண் வாங்கிக்கொண்டு நின்றார்கள். எண் விழுந்த பிறகு காற்று வெற்று வரியா என்ன? அதுவும் முழு ஆளாகி வரிசையில் நின்றது.

"ஆளுக்கு ரெண்டு நம்பர். கால்சட்டைக்கு ஒண்ணு, சட்டைக்கு ஒண்ணா?" என்றாள் அவள்.

"வாயை மூடிக்கிட்டுப் போய் உன் சூட்டைப் பாரு."

கோபத்தில் 'புதுசை' அழித்தான். அச்செடுத்த தாளைக் கசக்கி மூலையில் எறிந்தான். பழைய கோப்பு பத்திரமாக இருந்தது. இந்த முறை ரெண்டு கோப்பு வைத்துக் குழம்ப வேண்டாம், வருவதை அதே பெயரிலேயே போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை தோன்றியது. போட்டான்.

அதே பெயரில் போடச் சொன்னால், அது முதலில் உள்ளே இருப்பதைக் காலி செய்துவிட்டுத்தான் படிக்கவே உட்காருமாம். யாருக்குத் தெரியும்? கோப்பைத் திறந்தான். ஒரு பெயர்கூட இல்லை. அந்தக் கூடத்தில் எதுவும் அவ்வளவு வெள்ளையாக வெளுத்ததில்லை.

வாசலில் வண்டிக்காரர் ஒலி எழுப்பினார். மூட்டை ஏற்றும் நேரம்.

"கசக்கின தாளு இருக்கே. அந்த மூணு காத்தை அடிச்சிட்டு நம்பரை மாத்தி எழுதிக்கலாம்," என்றாள் மனைவி. எடுத்து வந்தாள். சுருக்கத்தில் எழுத்து தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தாளை மேசையில் விரித்து, ஓர் இழுப்பு இழுத்தாள். பத்தொன்பது பேர் மை உருகி இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஏறிக்கொண்டார்கள்.

அடுத்து அதே பெட்டி பட்ட வெள்ளைச் சட்டையின் முதுகில் அவர்களில் நாலு பேர் இறங்கினார்கள்.

"ஞாபகத்துல எழுதுங்க," என்றாள் மெதுவாக.

ஈரக்கைக்கு ஆலையில் ஒருவனையும் தெரியாது. துணியை மட்டும் தெரியும். பெயர் இருந்தவர்களுக்குப் பெயரைக் குத்தினான். இல்லாத பத்தொன்பது பேருக்கும் தெரிந்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அதையே சீட்டிலும் எழுதிக் குத்தினான். மூட்டை போயிற்று.

மறுநாள் காலை முதலாளி மேசையில் கிடந்த அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

"நாப்பத்தொண்ணு, முழங்கால் கிழிசல். இதென்னய்யா பேரு?"

"ஆளைத் தெரியாது முதலாளி. கால்சட்டையைத் தெரியும்."

"நாப்பத்திரண்டு, பையில ஆணி."

"அவரு எப்பவும் ஒரு ஆணி விட்டுடுவாரு."

முதலாளி தாளை மடித்தார். ஈரக்கை நாற்காலியின் இரு கைகளையும் பிடித்து இடுப்பை மெல்லத் தூக்கினான். தொட்டிப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் அவனையே கூப்பிடுவதுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்து வண்டிக்காரர் காலி மூட்டைத்துணிகளோடு உள்ளே வந்தார்.

"ஆலையில என்ன கூச்சல்?" என்று கேட்டார் முதலாளி.

"கூச்சலா? ஒண்ணும் இல்லையே."

"யாரும் துணி மாறிடுச்சுன்னு சொல்லலையா?"

"ஒருத்தர்கூடச் சொல்லல. எல்லாருக்கும் சரியாத்தான் இருந்துச்சு."

முதலாளி ஈரக்கையைப் புதிதாகப் பார்த்தார். "அறுபதுக்கு அறுபதும் சரியாப் போச்சா? எப்படிய்யா?"

பாதி எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். முதுகு தானாக நிமிர்ந்தது. "எல்லாம் அந்த ரெண்டெழுத்துதான் முதலாளி. மீதி, கைப்பக்குவம்."

இஸ்திரி மேசையில் அவன் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு காலரை அழுத்தினாள்.

"பட்டியல்காரரே அசந்து போவாரு," என்று முதலாளி நாற்காலியின் முதுகைத் தட்டினார். "இனிமே இது உன் இடம். இந்த வேலையோட அருமை எனக்கு இப்பதான் தெரியுது."

"என்ன வேலை, அந்த நம்பரா?" என்றார் வண்டிக்காரர், துணிகளை உதறிக்கொண்டே. "அதை அங்க யாரு முதலாளி பாக்கறா? மூட்டையை அவுத்துத் தரையில கொட்டுவாங்க, அவனவன் இடுப்புக்குச் சேர்றதை இழுத்துக்கிட்டுப் போவான், எட்டு வருசமா அப்படித்தான்."