எதுக்குவம்பாரும் ஒரு பிரசவமும்

எதுக்குவம்பார் என்று ஒரு ஜாதி ஆசாமி உண்டு. உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். குடை இல்லாமல் கிளம்பினால், "மழை வந்துட்டா? எதுக்கு வம்பு, எடுத்துட்டுப் போங்க" என்பார். சரியென்று எடுத்தால், "இடி மின்னல்ல குடையா? எதுக்கு வம்பு!" என்பார். லிஃப்டில் ஏறமாட்டார், நின்றுவிட்டால்? படியில் ஏறமாட்டார், வழுக்கிவிட்டால்? தரைத்தளத்தில் ஓர் அறையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, மேலே போகிறவர்களை எல்லாம் பரிதாபமாகப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரியாக இருந்தால்? நான் பார்த்தவர் அப்படித்தான் இருந்தார். என் தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்காக அவர் முன்னால் போய் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

"போன தடவை ஆபரேஷன்தானே? அப்ப இந்தத் தடவையும் ஆபரேஷன்தான். இங்க ரூல் அது" என்றார்.

"டாக்டரம்மா நல்லா செக் பண்ணிட்டு, உனக்கு ஒத்துவரும், சாதாரணமாவே முயற்சி பண்ணலாம்னு சொன்னாங்களே சார்" என்றாள் தங்கை.

"டாக்டருக்கு உங்களைத் தெரியும்மா. எனக்கு ரூலைத் தெரியும். உள்ள இருக்கிற பழைய தையல் விட்டுப்போச்சுன்னா? உடனே ஆபரேஷன் பண்ணணும். திடீர்னு பண்ணுன்னா நாங்க எங்க போவோம்?"

"வார்டுல ஒருத்தங்களுக்குத் தலைப்பிரசவம். அவங்களுக்குத் திடீர்னு ஆபரேஷன் தேவைப்பட்டா?" என்றாள் தங்கை.

எதுக்குவம்பார் நெஞ்சை நிமிர்த்தினார். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பண்ணிருவோம்! ராத்திரி பகல் எந்நேரமும் தியேட்டர் ரெடி, ஆளுங்க ரெடி!"

"அப்ப எனக்கும் அதே மாதிரி..."

"அவங்களுக்கு வந்தா அது அவசரம். உங்களுக்கு வந்தா அது வம்பு."

தங்கையைக் கூட்டிக்கொண்டு எழுந்தேன்.

வெளியே வந்ததும் தங்கை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "போன தடவை எழுந்து உக்காரவே ஒரு ஆள் வேண்டியிருந்துச்சுண்ணா. இப்ப மூத்தவ இடுப்பை விட்டு இறங்கவே மாட்டேங்கறா, அவளை யாரு தூக்குவா? தையல் மெஷினை யாரு மிதிப்பா? கத்தி வெச்சே ஆகணும்னு டாக்டரம்மா சொன்னா நானே போய்ப் படுத்துக்கறேன். முயற்சி பண்ணக்கூட விடமாட்டாங்களாண்ணா?" டாக்டரம்மாவிடம் ஓடினேன். "எனக்கும் அவர்தாங்க அதிகாரி" என்று அவர் கையை விரித்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்று எதுக்குவம்பார் முடிவுசெய்தார். தியேட்டருக்குச் சொன்னார், மயக்க மருந்து டாக்டருக்குச் சொன்னார், எங்களுக்கும் சொன்னார். குழந்தைக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆட்டோவில் ஏறும்போதே தங்கைக்கு வலி. வார்டில் திரைக்குப் பின்னால் பரிசோதித்த டாக்டரம்மா, "தலை தெரியுது! இனி ஆபரேஷனுக்கு நேரமே இல்ல" என்று கத்தினார். எதுக்குவம்பார் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து திரைக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்தி வைங்க! மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுடறேன்!"

"யாரை நிறுத்தச் சொல்றீங்க?"

"யாரு வர்றாங்களோ அவங்களை!"

போனைப் போட்டார். மேலிடம் எடுக்கவில்லை. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண்குரல் கொஞ்சியது, பின்னாலேயே புல்லாங்குழல் ஒலித்தது. அந்தப் புல்லாங்குழலை அடக்கிக்கொண்டு உள்ளேயிருந்து வீரிட்டு ஓர் அழுகை! அடடா, உயிர் வந்தது எனக்கு.

"பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. பழைய தையலுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் டாக்டரம்மா.

"அனுமதி யாரு கொடுத்தது?" என்றார் எதுக்குவம்பார். குழந்தை இன்னும் பலமாக அழுதது.

அவர் வியர்வையைத் துடைத்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்கு தியேட்டர் போட்டாச்சு. ஆள் வரலேன்னா மேல கேப்பாங்க. எதுக்கு வம்பு? ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துருங்களேன்."

நம்பமாட்டீர்கள். தங்கையையும் மார்மேல் கிடந்த குழந்தையையும் வண்டியில் வைத்து உருட்டி, ஆபரேஷன் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். கையுறையும் முகமூடியுமாகக் காத்திருந்த மயக்க மருந்து டாக்டர் குழந்தைக்குக் கையாட்டினார். சிரித்துச் சிரித்துத் தங்கைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இப்பதான் எல்லாம் முறைப்படி நடந்திருக்கு" என்று எதுக்குவம்பார் பெருமூச்சு விட்டார். மறுநாள் மூத்தவள் அம்மா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தாள், யாரும் இறக்கவுமில்லை.

சரி, ஆஸ்பத்திரிக்காரரைப் பார்த்துச் சிரித்தாயிற்று. உங்கள் வீட்டில் ஒருத்தி என்றைக்காவது, "இந்தத் தடவை நானே முயற்சி பண்ணிப் பார்க்கறேனே" என்று உங்களிடம் வந்து நின்றிருப்பாள். பிரசவமோ, ஸ்கூட்டரோ, வேலையோ, எதுவாகவும் இருக்கலாம். அப்போது உங்கள் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன? நினைவில்லையா? அவளுக்கு நினைவிருக்கும். பக்கத்து அறையில்தானே இருக்கிறாள், போய்க் கேளுங்களேன்.

ஏன் எழுந்திருக்கவில்லை? எதுக்கு வம்பு என்றா?