நாற்பத்தொரு படியும் எட்டுப் பிணங்களும்

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு,

தென்காசியிலிருந்து அப்பா ஆவுடைநாயகம் ஆசியுடன் எழுதிக்கொண்டது. குலசாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். சாரல் நன்றாக விழுகிறது. பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை போடாமல் இருக்க வேண்டும். நேற்று நீ அம்மாவின் போனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நெற்றியில் ரத்தம் என்று அலறினாய். அது ரத்தம் இல்லை அம்மா, சீனிப்பாகில் கலந்த சிவப்புச் சாயம். இரண்டு முறை தேய்த்துக் குளித்தும் போகவில்லை. நான் விளக்கம் சொல்லும் முன் உன் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். என் போன் குற்றாலத்தில் ஓர் ஓடையில் கிடக்கிறது. ஆகவே கடிதம்.

பதறாமல் படி. நான் மூன்று நாளாகப் பிணமாக நடித்து வருகிறேன். நம் தெரு இசக்கிராஜா சினிமாக்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறான் அல்லவா, அவன்தான் வந்து, "பெரியப்பா, உங்க ஒடம்புக்குப் பிணம் ரொம்பப் பொருத்தமா இருக்கும், சும்மா வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டான். அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், பென்ஷன்காரனுக்குக் காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் என்ன மரியாதை இருக்கிறது என்பது உனக்கே தெரியும். போனேன். உலகம் அழியப் போகிறதாம், செத்தவர்கள் எல்லாம் அருவித் தண்ணீரிலிருந்து எழுந்து வருவார்களாம், நம் அக்கினி தேவநாதன் மட்டும் தனி ஆளாக எங்களை அடித்துத் துவைத்துக்கொண்டு ஒரு பாழடைந்த மண்டபத்தின் படியில் ஏறி விளக்கேற்றினால் உலகம் பிழைத்துவிடுமாம். ஆம், அதே தேவநாதன்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரே உதையில் ஆறு பேரைப் பறக்கவிட்டாரே, அவர்தான். குற்றாலத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குள் அந்த மண்டபம். நாற்பத்தொரு படி, எல்லாம் பாசி.

தீபாவளிக்கு நீ வந்தபோது, முட்டி தேய்ந்துவிட்டதால் வீட்டு மாடிப்படி தவிர வேறு எந்தப் படியும் ஏறமாட்டேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தது எனக்கு மறக்கவில்லை. நான் படியோரமாகப் படுத்துக் கிடக்கிற பிணமாகத்தான் முதலில் இருந்தேன். ஆனால் நேற்று ஆள் குறைந்ததால், படியில் நின்று அவர்மேல் பாய்கிற எட்டுப் பிணங்களில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். உன்னைக் கேட்காமல் எழுந்து நின்றது என் தப்புதான்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. தேவநாதன், "சாவே! உன்னால் என்னைத் தொட முடியாது!" என்று கர்ஜித்துவிட்டு மூன்று படி ஏறினார், நாலாவதில் கால் வழுக்கியது. தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். எத்தனை வயசாளிகளைக் கையைப் பிடித்துப் பஸ்ஸுக்குள் ஏற்றியிருப்பேன்! புத்தி யோசிக்கும் முன்னே கை போய்விட்டது. அவர் முழங்கையைப் பிடித்து, "பாத்து ஏறுங்கய்யா, பாத்து, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டேன். டைரக்டர் தம்பி மைக்கில் கத்தினார். செத்தவர்கள் பேசக்கூடாதாம். இரண்டாவது தடவை நான் வாயைக் கட்டிக்கொண்டேன், ஆனால் பூ விற்கிற முப்பிடாதியம்மாள் அவர் கழுத்தைக் கடிக்க வேண்டியவள், அவர் இருமுவதைப் பார்த்ததும் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஐயாவுக்கு மூச்சு எப்படி வாங்குது பாருங்க. இவரப் போயி கடிக்கச் சொல்லுதீயளே, ஒங்களுக்கே நல்லாருக்கா?" என்று டைரக்டரிடமே சண்டைக்குப் போனாள். மூன்றாவது தடவை, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மணிமுத்து, "வழி விடுங்கலே, பெரியவர் ஏறட்டும்" என்று மற்ற பிணங்களை ஒதுக்கி நிறுத்தினான். உலகம் அழிகிற நேரத்தில் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்ற பிணங்களை அந்தத் தம்பி அதுவரை பார்த்ததில்லை போலும், தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து நெற்றிச் சாயத்தில் மொய்த்த எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். தயாரிப்பாளரின் ஆள் ஒருவர் டைரக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பார்களாம். தேவநாதனால் ஏற முடியாவிட்டால் சென்னையிலிருந்து ஓர் இளவட்டத்தை வரவழைத்து ஏறவிட்டு, இவர் முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுவார்களாம். திரும்பிப் பார்த்தால், பாறைக்கு அந்தப் பக்கம் தேவநாதன் பேண்டை மடித்துவிட்டு முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நல்ல மனிதர், கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வயசு?" என்றார். அறுபத்தொன்பது என்றேன். "எனக்கும் அதேதான். வெளிய சொல்லிடாதீங்க" என்றார். மறு முட்டிக்கும் தைலம் எடுத்தார். "நாற்பது வருஷமா நானே குதிச்சேன், நானே விழுந்தேன், யாரையும் எனக்காக விழ விட்டதில்ல. இந்தப் படியையும் நானே ஏறிட்டேன்னா போதும்" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று விசிலைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தது எனக்கு ஞாபகம் வந்தது, ஜெயா.

நான் போய் மற்ற ஏழு பிணங்களையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முப்பிடாதியம்மாள் அழுதேவிட்டாள். மணிமுத்துதான், "அண்ணாச்சி, கவலைய விடுங்க. பனியில அடிபட்டவங்களையே மலையில ஏத்துனவன் நான். டைரக்டர் நம்மளப் பாயத்தானே சொல்லுதாரு? பாய்வோம். பாஞ்சு பிடிச்சு மேல கொண்டு போயிருவோம்" என்று திட்டம் போட்டான். தேநீர் முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே கேமரா ஓடியது. டைரக்டர், "விடாதீங்க! வெறியோட பாயுங்க!" என்று கத்தினார். பாய்ந்தோம். மணிமுத்து இடது அக்குளில் தோள் கொடுத்தான். முப்பிடாதியம்மாள் சட்டையைக் கிழிப்பதுபோல முன்னாலிருந்து மேலே இழுத்தாள். இன்னொரு பிணமான தங்கசாமி பின்னாலிருந்து தலையால் முட்டித் தள்ளினான். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை வாயைத் திறக்கவே இல்லை. மிச்ச நாலு பேரும் சுற்றி நின்று கையைக் காலை ஆட்டிப் பார்க்கிறவர்கள் கண்ணை மறைத்தார்கள். அவர் எங்களை அடித்தார், உதறினார், கர்ஜித்தார். நாற்பத்தொரு படியும் ஏறிவிட்டார். உச்சியில் அவர் கையை வீச, எட்டுப் பேரும் உருண்டோம். என் போன் அப்போதுதான் ஓடையில் விழுந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. டைரக்டர் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு பசியை நான் எந்தப் பிணத்துக்கிட்டயும் பார்த்ததில்ல சார்" என்றார். தேவநாதன் மேலே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததற்காகவே இன்னொரு போனையும் ஓடையில் போடலாம்.

அவருக்கு விஷயம் தெரியாது. தாமே ஏறியதாகத்தான் நினைக்கிறார், அப்படியே நினைக்கட்டும். எட்டுப் பேரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறோம். ஒன்பதாவதாக உனக்கு மட்டும் சொல்கிறேன், மாப்பிள்ளையிடம்கூட மூச்சு விடாதே. படியேறுகிற வேலையையும் இன்றோடு விட்டேன், இது உறுதி. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் அப்பா,
ஆவுடைநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கார் வந்து நின்றது. தேவநாதன். தலையில் விக் இல்லை, அம்மாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. நான் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினேன். அவர் நம் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார். "இடுப்பப் பிடிச்சது நீங்கதானே?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் செத்த ஆள் என்றேன். "உங்க முட்டி சத்தம் போட்டுச்சு. என் முட்டியவிட அதிகமா சத்தம் போட்டுச்சு. முதல் படியிலயே தெரிஞ்சு போச்சு" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். இருவரும் ஏறினோம், யார் யாரை ஏற்றிவிட்டோம் என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது மேலே உட்கார்ந்து உன் அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறார். ஏறியாகிவிட்டது, இறங்குவதுதான் எப்படி என்று இருவருக்கும் புரியவில்லை. அம்மா மணிமுத்துவுக்குப் போன் போட்டிருக்கிறாள். மிச்ச ஆறு பிணங்களையும் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறான்.