சம்பந்திக்கு முழுச் சாவி

மன்னார்புரம், திருச்சி.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஆண்டியப்பன் அவர்களுக்கும் சம்பந்தியம்மா வேணி அவர்களுக்கும், பெண்ணைப் பெற்ற ராசப்பன் இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பொன்னுத்தாயும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றி விசாரிக்க வேண்டாம். குளித்தலையில் வாழையும் மாடு கன்றுகளும் உங்கள் கோபத்தைத் தவிர மற்ற எல்லாமும் நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் கை நனைக்காமல் எழுந்து போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டு மாற்றாத நிச்சயதார்த்தத்துக்குப் பேர் என்னப்பா என்று கல்யாணப் பெண் மணிமேகலை கேட்டாள். அதோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இப்போது உங்கள் ஒரு சொல்லில் இருக்கிறது. ஆகவே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்ற மனுஷன் பேப்பர் படித்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள் என்று போய்ச் சேர்ந்தேன். சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அதைத் தாங்குகிற ஆணிக்கு இருக்கிற பிடிமானம் எனக்கு அந்தப் பாடத்தில் கிடையாது. அந்தத் தைரியத்தில் விசேஷத்துக்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு செய்தேன். உறவுக்காரர்கள் அவரவர் போனில் இருக்கிற ஏஐயிடம் வாயால் கேட்டால் போதும், அது என் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்த்து, யாருக்கு எந்த ரூம், வேன் எங்கே, சமையல் என்ன என்று சொல்லும். சொல்வதோடு நிற்காது, மாற்றச் சொன்னால் மாற்றவும் செய்யும். சனியன் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

உங்கள் பிள்ளை அரவிந்தன் தங்கமான பிள்ளை. பெங்களூரிலிருந்து போன் செய்து, "மாமா, வீட்டுக்குள்ள இருக்குற மெஷினுக்கு வெளியிலேர்ந்து வழி விடுறீங்க, வாசல்ல பூட்டு முக்கியம். ஆளுக்கு ஒரு சாவி, அதாவது ஒரு ரகசியச் சொல், குடுங்க. பாக்குற சாவி எல்லாருக்கும், மாத்துற சாவி உங்களுக்கு மட்டும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் சரி மாப்பிள்ளை என்றேன். ஆனால் நீங்களே சொல்லுங்க, சம்பந்தியைப் பார்த்து 'நீங்க பாக்கலாம், தொடக்கூடாது' என்று எந்த வாயால் சொல்வது? உங்களுக்கு மாற்றுகிற சாவியையே கொடுத்தேன். அது என் மைத்துனர் கலையரசன் காதுக்குப் போயிற்று. மலைக்கோட்டை அடிவாரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். "சம்பந்திக்கு முழுச் சாவி, தாய்மாமனுக்கு வெறும் பாக்குற சாவியா? அப்ப நான் பந்தல்லயும் நின்னு பாத்துட்டே போயிடறேன்" என்று முறுக்கிக்கொண்டார். அவருக்கும் கொடுத்தேன். என் தங்கை விடுவாளா? அவளைப் பார்த்துச் சித்தப்பா மகன் விடுவானா? ஆளுக்கொரு சாவி செய்ய எனக்குப் பொறுமை இல்லாமல், எல்லோருக்கும் ஒரே முழுச் சாவி என்று முடிவுகட்டி, 'குடும்பம்' என்று அதற்குப் பேர் வைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு மஞ்சள் பழத்தோடு அதை ஒரு சீட்டில் எழுதி வைத்து, நல்ல நேரம் பார்த்துப் படம் பிடித்து, குடும்பக் குரூப்பில் போட்டேன். முறையாகச் செய்தேன் என்று எனக்குப் பெருமை வேறு!

விசேஷத்தன்று காலையில் சமையல்காரர் பீமராவ் கரண்டியும் கையுமாக வந்தார். "சார், உங்க கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சுங்க? கேசரி வைங்குது, வேண்டாங்குது, பாயசங்குது, திரும்பக் கேசரிங்குது. நான் ரவையை வறுக்கிறதா, கொட்டுறதா?" என்றார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள், உங்களை அழைக்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போன வேனை மைத்துனர் சீர்த்தட்டு ஏற்றத் தன் கடைக்குத் திருப்பிவிட்டார். நீங்கள் வெயிலில் நின்று, ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தால், உங்களுக்கென்று வைத்திருந்த ஏசி ரூமைக் காணோம்! மண்டப மேனேஜருக்கு என் கம்ப்யூட்டரிலிருந்து போயிருந்த உத்தரவை நீங்களும் பார்த்தீர்கள்: 'மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் வேண்டாம். ஓரமாக நாற்காலி போதும்.' அவனும் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நாற்காலி போட்டு வைத்திருந்தான். சம்பந்தியம்மா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயோ, இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

எந்தப் பாவி அந்த உத்தரவைப் போட்டான் என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். 'குடும்பம்' என்றது. கேசரியை எடுத்தது யார்? 'குடும்பம்.' வேனைத் திருப்பியது? 'குடும்பம்.' எல்லோருக்கும் ஒரே சாவி கொடுத்தால் அது வேறு யாரைச் சொல்லும்? மைத்துனரோ, "சத்தியமா வேனை மட்டுந்தான் தொட்டேன், ரூம் பக்கமே போகல" என்கிறார். இரண்டு குடும்பத்தையும் பிரிக்க நினைத்த அந்தக் கல் நெஞ்சக்காரன் யாராக இருந்தாலும் அவன் நன்றாக இருக்க மாட்டான்.

இப்போது மாப்பிள்ளை சொன்னபடியே பழைய சாவியைச் செல்லாமல் ஆக்கிவிட்டேன். இனி ஆளுக்கு ஒரு சாவி, தொட்டவர் பேர் விழும். இந்தக் கடிதத்தையும் அதே கம்ப்யூட்டரில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். திறக்கிற சாவி உங்களுக்கு மட்டும். உங்களுக்குப் போய்ப் பாக்குற சாவி தர மனசு வரவில்லை, முழுச் சாவிதான். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து, தட்டு மாற்றி, ஒரு வாய் சாப்பிட்டுப் போக வேண்டும். அரங்கன் அருளால் பிள்ளைகள் இருவரும் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
ராசப்பன்.

பி.கு: சம்பந்திக்குக் கடிதம் எழுதிவிட்டுத் தன்னிடம் காட்டவில்லை என்று மைத்துனர் மறுபடி முறுக்கிக்கொண்டார். அவருக்கும் ஒரு முழுச் சாவி கொடுத்திருக்கிறேன். தாய்மாமன் அல்லவா.

பி.கு 2: படித்தேன். வேனைத் திருப்பியது தட்டுகளின் மரியாதைக்காக. — கலையரசன்

பி.கு 3: சம்பந்தி, ஆண்டியப்பன் எழுதுகிறேன். கல் நெஞ்சக்காரன் என்ற இடத்தை மூன்று தரம் படித்தேன். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் போனில் அந்த ஏஐயிடம் எங்களுக்கு எந்த ரூம் என்று கேட்டேன். ஏசி ரூம், உறுதி செய்யட்டுமா என்றது. "அதெல்லாம் எதுக்குங்க, எங்களுக்கு ரூமெல்லாம் வேண்டாங்க, ஒரு ஓரமா நாற்காலி போட்டா போதுங்க" என்றேன். மரியாதைக்கு ஒரு பேச்சு. மனுஷனாக இருந்தால் 'அட, அப்படிச் சொல்லாதீங்க' என்று இன்னொரு தரம் கேட்டிருப்பான். அதுவோ 'சரி' என்று அப்படியே உத்தரவு போட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வருகிறோம், கேசரியே போதும். வேணிக்கு இது தெரியாது. எழுதியதை அழிக்கத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் உடனே அழித்துவிடவும்.

பி.கு 4: யாரும் அழிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை இவருக்கு மட்டும் செருப்பு பக்கத்தில் நாற்காலி போடவும். — வேணி