அத்தானின் கடற்பயணமும் நான் அழுத்திய சம்மதமும்

நெடுந்தீவு,
ஞாயிற்றுக்கிழமை

என்மேல் எவ்வளவு கோபமிருந்தாலும் என் மதிப்பில் குறையாத மயில்வாகனம் அத்தானுக்கு,

இங்கே நானும் மனைவி நிலாந்தியும் மாடுகளும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க வெட்கமாயிருக்கிறது. அக்கா போனில் சொல்லிவிட்டா: "அத்தான் உன்மேலை வழக்குப் போடப்போறாராம். பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்குக்குத் தேங்காய் உடைக்க வேறை மாமனைப் பார்க்கட்டாம்." அத்தான், பெரியபிள்ளையாகியிருக்கிற நிலுஜாவுக்கு நான் ஒரேயொரு தாய்மாமன். வேறு மாமனுக்கு எங்கே போவீர்கள்? அந்தத் தேங்காய்க்காகத்தான் இந்தக் கடிதம். இனி இணையத்தில் எதையும் எழுதப் பயம் என்பதால் கனடா திரும்பும் சசிகரனிடம் கொடுத்துவிடுகிறேன்.

போனமுறை ஊருக்கு வந்தபோது உங்கள் பழைய போனை எனக்குத் தந்தீர்களல்லவா, அதில்தான் வலைப்பதிவு தொடங்கினேன். தொடங்கும்போது நிபந்தனைகள் என்று ஒன்று வந்தது. விரலால் தள்ளத் தள்ள முடியவேயில்லை, அதற்குள் மாடு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது, 'சம்மதம்' என்பதை அழுத்திவிட்டு ஓடினேன். பிறகு ஊரில் நடக்கிற புதினங்களை எழுதினேன். புதினம் கிடைக்காத ஒரு கிழமை, நீங்கள் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் வந்த கதையை எழுதினேன். பெயர் போடவில்லை, 'கனடாக்காரர்' என்றுதான் போட்டேன். "நான் கடலிலை பிறந்தவன்" என்று ஏறியவர், நடுக்கடலில் பக்கத்திலிருந்த மரியமுத்து அக்காவின் செபமாலையைப் பறித்து மாதாவையும் பிள்ளையாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டது, தின்றதையெல்லாம் கோட்டுப் பைக்குள்ளேயே சத்தி எடுத்தது... இதை உங்களுக்கே ஏன் சொல்கிறேன், நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்.

வாசித்தவர்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவார்கள். அதில் ஒரு விரல் நான். நிலாந்தி ஏசியதும் அழித்துவிட்டேன். அழித்தால் அழிந்துவிடும் என்றுதானே நினைப்போம்? அந்த வலைப்பதிவு நிறுவனமோ அதை ஒரு பெண்குரலில் வாசிக்கவைத்து, நடுவில் சத்தி நிறுத்த விழுங்கும் குளிசைக்கு விளம்பரமும் சேர்த்து, உங்கள் கனடாவரை உலகமெல்லாம் விட்டிருக்கிறது. இப்போது படகோட்டி மேர்வின் அதைத் தன் படகில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் போடுகிறான். நிறுத்தடா என்று கெஞ்சினேன்.

"ஏலாது அண்ணை. இதைப் போடத் தொடங்கினாப்பிறகு ஒருத்தரும் சத்தி எடுக்கினமில்லை."

நிறுவனத்துக்கு எழுதினேன். எழுத்தை மாற்றலாம், விற்கலாம், நீங்கள் அழித்தாலும் நாங்கள் வைத்திருக்கலாம், எல்லாவற்றுக்கும் சம்மதித்தீர்களே என்று பதில் வந்தது. மாட்டுக்குக் குறி சுடாமல் மேயவிடாத ஊரில் பிறந்தவன், என் எழுத்தை மட்டும் கயிற்றோடு அவிழ்த்து முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்திருக்கிறேன். அங்கே வலைப்பதிவு எழுதுகிற சிநேகிதர் எவரும் இருந்தால் சொல்லுங்கள்: மாடு எந்தத் தோட்டத்தில் இறங்கினாலும் இறங்கட்டும், முழுதும் வாசித்துவிட்டு அழுத்தட்டும்.

பிழை முழுவதும் என்னுடையது. வழக்குப் போடுங்கள், வந்து கூண்டில் நிற்கிறேன். தேங்காயை மட்டும் பறிக்காதீர்கள். அக்காவுக்கு அன்பு, நிலுஜாவுக்கு ஆசீர்வாதம். அடுத்தமுறை உங்களுக்கு அலையில்லாத கடல் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
மாமன் பதவி ஊசலாடும் மைத்துனன்
நிமலன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முதல் நிலாந்தி அந்த நிபந்தனைகளைக் கடைசிவரை வாசித்தா. கணக்கு எவருடைய மின்னஞ்சலில் இருக்கிறதோ அவரே எழுதியவர், வழக்கு வந்தால் அவரே பொறுப்பாம். போனைத் தரும்போது உங்கள் மின்னஞ்சலை நீங்கள் அதிலிருந்து எடுக்கவில்லை, நானும் மாற்றாமல் அதிலேயே வலைப்பதிவைத் தொடங்கிவிட்டேன். ஆகவே அத்தான், அந்தக் கதையை எழுதினது நீங்கள்தான். வழக்கை யோசித்துப் போடுங்கோ. தேங்காய்க்கு நான் வாறன்.